கத்திரி படாத முடி

திருப்பூர்
18.8.1995

அன்புள்ள மருதா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மணி பன்னிரண்டரை. தங்கம் இப்போதுதான் தூங்கினான். பகலில் எழுத உட்கார்ந்தால் அத்தை வந்து, "ஆருக்குக் கண்ணு கடுதாசி?" என்று கேட்பார். உன் பெயரைச் சொன்னால் முகம் மாறிவிடும். அதனால்தான் இந்நேரம்.

நீ என்னோடு பேசி ஒரு வருஷமும் ஒன்பது மாதமும் ஆகப்போகிறது. போன சித்திரையில் பூத்துக்குப் போய் ஐ.எஸ்.டி. போட்டேன். உன் வீட்டுக்காரர் சென்னியப்பன் அண்ணன் எடுத்தார். நீ வெளியே போயிருப்பதாகச் சொன்னார். பின்னால் குக்கரை இறக்கச் சொல்லும் உன் குரல் கேட்டது. நான், "சரிங்கண்ணா, அப்புறம் கூப்புடறேன்" என்று வைத்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கத்துக்கு ஐந்து நடக்கிறது. தை எட்டாம் தேதி சென்னிமலையில் மொட்டையடித்துக் காது குத்துவதாக முடிவு செய்திருக்கிறோம். மூன்றாவது வயதிலேயே செய்திருக்க வேண்டியது தள்ளிப்போய்விட்டது. ஏன் என்று உனக்கே தெரியும்.

அவன் எட்டாம் மாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது நீ லீவுக்கு வந்திருந்தாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். பிழைத்து எழுந்தால் கத்திரி படாமல் முடி வளர்த்து மலைக்குக் கொண்டுவருகிறேன் என்று நான் வேண்டிக்கொண்டதை நீ கேட்டாய். எனக்குக் கூடப்பிறந்தவன் இல்லையே, மாமன் மடிக்கு எங்கே போவேன் என்று அழுதேன். "எங்க ஊட்டுக்காரரு மடி சும்மாத்தானே கெடக்குது, அதுல உக்கார வெச்சுக்கலாம் போ" என்று சொல்லி என்னைச் சிரிக்க வைத்தாய். அந்த வாக்கைத்தான் கேட்டு எழுதுகிறேன். நீங்கள் இருவரும் வர வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதாமல் இதைக் கேட்பது சரியில்லை. என் பக்கத்தை எழுதுகிறேன். இவர் பேங்காக்குக்கு, பனியன் ஆர்டர் தரும் பையரைப் பார்க்க வந்தார், நானும் குழந்தையும் ஒட்டிக்கொண்டு வந்தோம். லோய் கிரதோங் பண்டிகை சுகோதாயில்தான் பார்க்க வேண்டும் என்று நீதான் வேன் பிடித்தாய். உங்கள் ஆபீஸ் லெக் அக்காவும் அவர் பிள்ளைகள் இரண்டு பேரும், அங்கேயே இருக்கும் நம்மூர் சீனிச்சாமி அண்ணனும் அவர் மனைவியும், நாம் நால்வரும், தங்கமும். வழியெல்லாம் பாட்டு. நான் கல்யாணத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்ததில்லை. இடிந்த கோயில்களுக்கு நடுவே அந்தக் குளம். வாழைத்தண்டை வட்டமாக அறுத்து, இலையை மடித்துக் குத்தி, பூவும் ஊதுவத்தியும் மெழுகுவத்தியும் வைத்து ஆயிரக்கணக்கில் விடுகிறார்கள். இங்கே அன்று ஊரெல்லாம் கார்த்திகை விளக்கு. அங்கே தண்ணீரெல்லாம் விளக்கு. மிதவையில் கொஞ்சம் முடியும் நகமும் வெட்டிப் போட்டால் பீடை போய்விடும் என்று லெக் அக்கா சொன்னதை நீதான் எனக்குத் தமிழில் சொன்னாய்.

நான் கழிவறைக்குப் போய்விட்டு வந்தேன். அரை மணி இருக்காது. நீ முழங்கால் வரை சேலை நனைந்து, கையில் கத்திரியோடு கரையில் நின்றாய். தங்கத்தின் பின்னல் அவிழ்ந்து, பிடரியில் ஒரு கொத்து முடி குட்டையாக இருந்தது. மிதவை போய்விட்டது.

நீ கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்று இப்போது தெரிகிறது. ஆனால் வேண்டுதல் முடி என்று தெரிந்தே செய்தாயே என்பதுதான் வருத்தம். அது உன் தப்பு. நான் பேசியது என் தப்பு. அந்த வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். இரண்டையும் மறந்துவிடலாமா?

தங்கம் புரள்கிறான். பதில் எழுது.

உன்,
சாந்தாமணி


பேங்காக்
5.9.1995

சாந்தாமணிக்கு,

கடிதம் கிடைத்தது. உன் பையன் நன்றாக இருக்கட்டும்.

உன் தப்பில் பாதி, என் தப்பில் பாதி என்று துணி கிழித்த மாதிரி அளவாகக் கிழித்து அனுப்பியிருக்கிறாய். அந்த வார்த்தையை எழுத மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நீ மறந்துவிட்டாயோ என்னவோ, நான் எழுதுகிறேன். "பெத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். பெறாதவ கையில புள்ளயக் குடுத்தது என் தப்பு." இதுதான். சீனிச்சாமியும் அவர் வீட்டம்மாவும் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் கேட்டார். லெக் அக்காவுக்குப் புரியவில்லை, என் முகத்தைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார். குழந்தைக்குக் குளிருகிறதாம் என்று சொன்னேன்.

எனக்கு இரண்டு தடவை கலைந்தது ஊரில் என் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. உனக்கு மட்டும்தான் எழுதியிருந்தேன்.

கத்திரி என் கையில் இருந்ததை நீ பார்த்தாய். நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு நீ கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. யாரையும் கேட்கவில்லை. இப்போது என்னிடம் கேட்காதே. உன் வீட்டில் கேள்.

தை மாதம் எங்களால் வர முடியாது. வேறு மடி பார்த்துக்கொள்.

மருதாள்


திருப்பூர்
20.9.1995

மருதா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ அந்த வார்த்தையை எழுதியே காட்டியது நல்லதுதான். நான் அதை மனசுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாக்கி வைத்திருந்தேன் போலிருக்கிறது.

ஆனால் நீ என்னவோ கேள்வி என்கிறாயே, அது எனக்கு விளங்கவில்லை. நீ சொன்னபடி வீட்டில் கேட்டேன். "அன்னைக்கு நான் வாரதுக்குள்ள என்னதாங்க நடந்துச்சு?" என்றேன். இவர் முதலிபாளையம் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "முடிஞ்சு போனத எதுக்கு நோண்டற? அங்க ஓவர்லாக் மிஷின் ரெண்டு நிக்குது, ஆளு வரல" என்று வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டார். அவ்வளவுதான். என்ன இருக்கிறது அதில்?

என் பயம் உனக்குத் தெரியாது, மருதா. நாங்கள் ஊர் திரும்பிய எட்டாம் நாள் தங்கத்துக்குக் காய்ச்சல். நள்ளிரவில்கூட இல்லை, பட்டப்பகல் பதினொரு மணிக்கு, ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருக்கும்போதே கண் மேலே செருகி, கையும் காலும் வெட்டி இழுத்தது. வாயில் இருந்த பருக்கையை விரல் விட்டு எடுத்தேன். பக்கத்துக் கம்பெனி வேனில் போட்டுக்கொண்டு ஓடினோம். டாக்டர் காய்ச்சல் வலிப்பு என்றார். அத்தை, "வேண்டுதல் முடியில கத்திரி பட்டா அப்பிடித்தான்" என்றார். நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள்தான். ஆனால் அந்த நேரத்தில் நான் நம்பியது அத்தையைத்தான். அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்துவிட்டது. ஒவ்வொரு தடவை உடம்பு சுடும்போதும் என் கை அவன் பிடரிக்குத்தான் போகிறது. அந்தக் கொத்து மற்றதைவிட இன்னும் நான்கு விரற்கடை குட்டை. அதை மற்ற முடியோடு சேர்த்து இறுக்கிப் பின்னிவிடுகிறேன், என் கண்ணுக்கே தெரியக் கூடாதென்று.

இதற்கெல்லாம் நீதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. சொல்ல வரவில்லை என்று எழுதிவிட்டு, சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன் என்பதும் தெரிகிறது. கிழித்துவிட்டு வேறு எழுதலாம். எழுதினால் அதுவும் இப்படித்தான் வரும்.

மடிக்கு என் பெரியப்பா மகன் நாச்சிமுத்துவைக் கேட்கலாம் என்கிறார் அத்தை. நல்ல பையன்தான். தங்கம் அவனைப் பார்த்ததே இல்லை.

கேள்வி என்னவென்று எழுது.

சாந்தா


பேங்காக்
9.10.1995

சாந்தா,

பையனுக்காக மட்டும் இதை எழுதுகிறேன். சமாதானம் என்று எடுத்துக்கொள்ளாதே.

வலிப்பு வந்தது எனக்குத் தெரியாது. எழுதியிருக்கலாம் நீ. யாரோடு பேசவில்லையென்றாலும் அதற்கு எழுதியிருக்கலாம்.

இங்கே எனக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். காய்ச்சலோடு வரும் வலிப்பு ஐந்தாறு வயதுக்குமேல் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நின்றுவிடுமாம். உடம்பு சுட ஆரம்பித்ததுமே சட்டையைக் கழற்றி ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார். இழுக்கும்போது ஒருக்களித்துப் படுக்க வை. வாய்க்குள் விரலையோ கரண்டியையோ விடாதே. நீ விரல் விட்டதைச் சொன்னேன், தலையில் அடித்துக்கொண்டார்.

இன்னொன்று. நீ ஊர் திரும்பி ஒரு வாரத்தில் லெக் அக்காவின் சின்னவனும் காய்ச்சலில் படுத்தான். வேனில் இரண்டும் ஒரே ஐஸ் கிரீமை மாற்றி மாற்றி நக்கிக்கொண்டு வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அவனுக்கு மாதம் ஒரு தடவை முடி வெட்டுகிறார்கள். அவனுக்கு எந்த மலையிலும் வேண்டுதல் இல்லை.

லெக் அக்கா போன வருஷம் பண்டிகை வந்தபோது, "அந்தப் பின்னல் போட்ட பையன் எப்படியிருக்கிறான்?" என்று கேட்டார். அவரிடம் நான் எதையும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் நீ அறைக்கதவைத் திறக்காமல் இருந்தாயே, குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். தன் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் செய்வதைத்தான் அவர் செய்ய நினைத்தார். இதை எழுதியதே அதிகம்.

கேள்வியை நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னால் கோள் மூட்டியதாக ஆகும். ஒரு குடும்பத்தில் என்னால் சண்டை வந்தது என்று இருக்க வேண்டாம்.

நாச்சிமுத்து மடியிலேயே உட்கார வை. முன்னாலேயே இரண்டு மூன்று தடவை வீட்டுக்கு வரவழைத்துப் பழக்கு. இல்லாவிட்டால் காது குத்தும்போது துள்ளிவிடுவான்.

மருதாள்


திருப்பூர்
12.11.1995

அன்புள்ள மருதா,

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

போன ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு பத்திரிகை யார் யாருக்கு என்று எழுதிக்கொண்டிருந்தோம். நான் சொல்ல, இவர் எழுதினார். உன் பெயரைச் சொன்னேன். வராவிட்டாலும் பத்திரிகை அனுப்ப வேண்டும் என்றேன். அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "கத்திரி போட்டவளுக்கே பத்திரிகையா? நல்லா இருக்குது" என்றார்.

இவர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, அந்தப் புள்ள போடுல" என்றார்.

"பின்ன ஆரு போட்டா?"

"அந்த ஊரு அம்மாதான். எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் போட்டாங்க. நாந்தான் சரின்னேன்."

அத்தை முறத்தை மடியில் இறக்கி வைத்தார். எனக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. காதில் விழுந்தது உள்ளே போகவில்லை. பிறகு துருவித் துருவிக் கேட்டேன். நீ மெழுகுவத்தி வாங்கப் போயிருந்தாயாம். சென்னியப்பன் அண்ணனும் சீனிச்சாமி அண்ணனும் வேனிலிருந்து பாயெடுக்கப் போயிருந்தார்களாம். லெக் அக்கா கத்திரியைக் காட்டி, தங்கத்தின் தலையைக் காட்டி, "ஓகே?" என்று கேட்டாராம். இவர், "நோ ப்ராப்ளம்" என்றாராம்.

"எதுக்குக் கேக்கறாங்கன்னு தெரிய வேண்டாமுங்களா?" என்றேன்.

"என்னமோ அவன் தலையில பூ வெக்கறதுக்கு நூல் வெட்டறாங்கன்னு நெனச்சேன். பையர் ஆபீசு ஆளு சாந்தா. சாம்பிள ஓகே பண்றது அவிங்க கையிலதான் இருக்குது. அவிங்க என்ன கேட்டாலும் நோ ப்ராப்ளம்னு வாயில வந்துருது."

இது பொய்யில்லை என்று உனக்கும் தெரியும். இந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான். முடியுமா முடியாதா, நாள் இருக்கிறதா, நூல் இருக்கிறதா, எதுவும் பார்க்காமல் முதலில் நோ ப்ராப்ளம், அப்புறம் வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்துக்கொள்வது. அதையேதான் பிள்ளை தலையிலும் செய்திருக்கிறார்.

நீ ஓடிவந்து லெக் அக்காவின் கையிலிருந்து கத்திரியைப் பிடுங்கினாயாம். அதற்குள் முடியை வைத்து மிதவையை விட்டுவிட்டார்களாம். நீ சேலையோடு தண்ணீரில் இறங்கினாயாம், பிடித்து எடுத்துவிடலாம் என்று. அத்தனை விளக்குக்கு நடுவில் எது என்று தெரியாமல் திரும்பினாயாம். நான் வந்து பார்த்தது அப்போதுதான். மிதவையைத் தள்ளிவிட்டு வருகிறாய் என்று நான் நினைத்த ஈரச் சேலை, மருதா.

"ரெண்டு வருசமா ஏனுங்க சொல்லல?" என்றேன்.

"அன்னைக்குச் சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள நீ அந்தப் பேச்சுப் பேசிட்ட. அதுக்கு மேல சொன்னா எனக்கு என்ன மருவாதின்னு இருந்துட்டேன். அப்புறம் நாளாக நாளாகச் சொல்ல முடியல. ஆரு வெட்டுனதுன்னு நீயும் ஒருத்தரையுங் கேக்கலியே."

அந்தக் கேள்விதானே?

அத்தை முறத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு மகனைப் பார்த்து, "அந்தப் புள்ளைக்கு நீ கைப்பட ஒரு கடுதாசி எழுது. எழுதுனதுக்கப்புறம் சோத்துக்கு வா" என்றார். ராத்திரி இவர் சாப்பிடவில்லை. காலையில் எழுதினார். பேக்கிங் சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு வரிதான் வந்திருக்கிறது. இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்றாம் வரி எழுதத் தெரியாதவர், கோபித்துக்கொள்ளாதே.

இனி என்னுடையது. இவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் நழுவலாம். இரண்டு நாள் அப்படித்தான் இருந்தேன், இவரோடு பேசாமல், நியாயம் என் பக்கம் இருப்பதுபோல. மூன்றாம் நாள் துணி காயப்போடும்போது தோன்றியது. நீயே வெட்டியிருந்தாலும் அந்த வார்த்தை சொல்லக் கூடாத வார்த்தைதானே. இது தெரிய, நீ வெட்டவில்லை என்று எனக்கு யாரோ வந்து சொல்ல வேண்டியிருந்தது. நீ என்னை நம்பி எழுதியதை எடுத்து, நாலு பேர் நடுவில் உன்மேலேயே வீசினேன். அதற்குக் குழந்தைமேல் உள்ள பயம் காரணம் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டேன். பயம்தான். ஆனால் பயந்தவர்கள் எல்லாரும் அப்படிப் பேசுவதில்லை.

சொன்னது நாலு பேர் நடுவில் என்பதால் சீனிச்சாமி அண்ணன் மனைவிக்குத் தனியாக எழுதிவிட்டேன். மருதாள் வெட்டவில்லை, தடுக்கத்தான் ஓடினாள், நான் பேசியது என் வாழ்நாளில் பேசிய மிகக் கேவலமான பேச்சு என்று. சென்னியப்பன் அண்ணனுக்கும் நீயே இதைப் படித்துக் காட்டு.

வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. நாச்சிமுத்துவிடம் இன்னும் சொல்லவில்லை என்பதை மட்டும் எழுதிவைக்கிறேன். நீ சொன்ன மாதிரி ஈரத்துணி போட்டுத் துடைத்தேன், போன வாரம் காய்ச்சல் வந்தபோது. இழுக்கவில்லை.

சாந்தா


பேங்காக்
3.12.1995

சாந்தா,

சீனிச்சாமி வீட்டம்மா உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு இங்கேயே வந்துவிட்டார். படித்துக் காட்டி அவரே அழுதார். நான் டீ போட்டுக் கொடுத்துச் சமாதானப்படுத்தினேன். என் வீட்டுக் கதைக்கு நான் இன்னொருத்திக்குச் சமாதானம் சொல்லும்படி ஆயிற்று. பரவாயில்லை, அவர் கொண்டுவந்த முறுக்கு நன்றாக இருந்தது.

உன் வீட்டுக்காரர் எழுதிய இரண்டு வரி கிடைத்தது என்று அண்ணனிடம் சொல். அவர் சாப்பிடட்டும்.

நான் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். கரைக்கு ஏறியதும் உன்னிடம் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன். அண்ணன் மேல் பழி வராமல், லெக் அக்கா மனசு நோகாமல் எப்படிச் சொல்வது என்று. நீ வாயைத் திறந்ததும் முதலில் வந்ததே அந்த வார்த்தை. அதற்கப்புறம் முடியை யார் வெட்டினால் என்ன, சாந்தா? வெட்டியது நானில்லை என்று சொன்னால் நீ முடிக்காகத்தான் மன்னிப்புக் கேட்டிருப்பாய்.

திரும்பி வரும்போது வேனில் ஏழு மணி நேரம். நீ முன் சீட்டில் தங்கத்தை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பெட்ரோல் போட மூன்று இடத்தில் நிறுத்தினார்கள். ஒவ்வொரு இடத்திலும் நீ திரும்பிப் பார்ப்பாய் என்று இருந்தேன். திரும்பினால் போதும், நான் எழுந்து வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். தங்கம்தான் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தான். நீ அவன் தலையைப் பிடித்து முன்னால் திருப்பினாய்.

அதுதான் என் மனசை விட்டுப் போகவில்லை. வார்த்தைகூடப் போய்விடும்.

இவர் வருவார். மடி தருகிறேன் என்று சொன்னது நான் என்றாலும் மடி அவருடையது, அவருக்கு வர ஆசை. தங்கத்துக்கு வேட்டி சட்டை எடுத்து வைத்துவிட்டார், அளவு பெரிதாக இருக்கும், மடித்துத் தைத்துக்கொள். நாச்சிமுத்துவிடம் சொல்ல வேண்டாம்.

நான் வரவில்லை. கோபத்தில் எழுதவில்லை. நான் வந்தால் மலைமேல் எல்லார் முன்னாலும் நாம் இருவரும் கட்டிக்கொண்டு அழுவோம். சொந்தக்காரர்கள், பாரு, எல்லாம் சரியாய்ப் போச்சு என்பார்கள். சரியாகவில்லை. ஆகிறபோது பார்க்கலாம்.

மருதா


திருப்பூர்
25.1.1996

அன்புள்ள மருதா,

போன திங்கட்கிழமை நல்லபடியாக முடிந்தது. அண்ணன் சொல்லியிருப்பார். ஆனாலும் நானும் எழுத வேண்டும்.

காலை ஏழு மணிக்கெல்லாம் மலைமேல் நல்ல காற்று. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தங்கம் முதலில் என் காலைக் கட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றான். அண்ணன் அவனைக் கூப்பிடவே இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன யானைப் பொம்மையை எடுத்து, தன் தொடைமேல் நடக்கவிட்டுத் தானே பேசிக்கொண்டிருந்தார். இவன் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து போய் மடியில் ஏறிவிட்டான். நாவிதர் தண்ணீர் தெளித்து முன்னுச்சியில் கத்தி வைத்தபோது நான் கிட்டப் போய்க் குனிந்தேன். குட்டைக் கொத்தும் நீள முடியும் ஒன்றாகத்தான் விழுந்தன. பார்க்க முயன்றேன், எது எது என்று தெரியவில்லை.

காது குத்தும்போது ஒரே ஒரு கத்தல். அண்ணனின் கையைக் கடித்துவிட்டான். "பரவால்ல மாப்ள, கடி, மாமன் கை கெட்டி" என்றார். பல் தடம் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்.

எல்லாரும் கேட்டார்கள், மாமன் வந்திருக்கிறார், மாமன் வீட்டம்மா எங்கே என்று. வேலை விடவில்லை என்று இவர் சொல்ல வாயெடுத்தார். அத்தை அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நாங்க அந்தப் புள்ள மனச நோகடிச்சுட்டோம். அதான் வரல" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

சாப்பாடு முடிந்து அண்ணன் கிளம்பும்போது, உனக்கென்று தேங்காய், பழம், திருநீறு, ஒரு டப்பாவில் பஞ்சாமிர்தம் எல்லாம் பையில் போட்டுக் கொடுத்தேன். "பேங்காக் போறதுக்குள்ள பழம் கறுத்துருமுங்களே அண்ணா, அதை மட்டும் நீங்களே சாப்பிட்டுருங்க" என்றேன். அவர் பையை வாங்கிக்கொண்டார். செருப்பை மாட்டினார், கழற்றினார். பிறகு, "கறுக்காது சாந்தா. இன்னைக்குச் சாயங்காலமே குடுத்தர்றேன்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"குண்டடத்துலதான் இருக்கறா, அவங்கம்மா ஊட்டுல. எங்கூடத்தான் வந்தா. சொல்ல வேண்டான்னா. எனக்குப் பொய் சொல்ல வரல" என்றார்.

மருதா, நீ கடல் தாண்டி வந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் உட்கார்ந்திருந்தாய். அந்த வேளைக்கு நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று திங்கட்கிழமையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஏழு மணியை நீயும் கடிகாரத்தில் பார்த்தாயா? கிளம்பிப் பஸ் நிறுத்தம் வரை வந்துவிட்டுத் திரும்பினாயா? கேட்க எனக்கு உரிமையில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

இவர் அப்போதே, "கார் இருக்குது, ஏறு, போயிட்டு வந்துரலாம்" என்றார். தங்கமும் மருதாத்தை ஊட்டுக்கு என்று குதித்தான். நான் போகவில்லை. முன்பெல்லாம் உங்கள் வீட்டுக்குச் சொல்லாமல்தான் வருவேன், கொல்லைப்புறமாக வந்து உன் அம்மா ஆட்டுகிற மாவில் கைவிட்டு நக்குவேன். அப்படி வருகிற உரிமையை நான்தான் கெடுத்துக்கொண்டேன். நீ வராமல் இருந்ததை நான் மதிக்க வேண்டும் என்று நினைத்தேன். இப்போது மூன்று நாளாக, போயிருக்க வேண்டுமோ என்றும் இருக்கிறது. வேனில் திரும்பாமல் உட்கார்ந்திருந்த மாதிரி இதுவும் ஒன்றாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் உன்னையே கேட்கிறேன்.

பிப்ரவரி பத்தாம் தேதி வரை நீ அங்கே இருப்பாய் என்று அண்ணன் சொன்னார். உனக்கு எழுத ஏர்மெயில் உறை வாங்காமல், முக்கால் ரூபாய் உள்நாட்டுத் தாள் வாங்கியது கல்லூரி முடிந்த வருஷத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. இடம் பத்தவில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். காலை ஆறேகாலுக்கு இங்கிருந்து ஒரு பஸ் இருக்கிறது. நான் மட்டும் வருவேன். வேண்டுமென்றால் தங்கத்தையும் கூட்டி வருவேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசி வைத்திருக்கிறேன், ஆளே வேறு மாதிரி இருக்கிறான்.

வா என்று எழுது, இல்லை வராதே என்று எழுது. இரண்டில் எது வந்தாலும் படிப்பேன். பத்தாம் தேதிக்குள் கிடைக்கிற மாதிரி, சீக்கிரம் பதில் போடு.

சாந்தா